முப்பத்தொன்றாவது வரியும் என் நாற்காலியும்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே என் இடது முழங்காலையும் உங்கள் அத்தையின் கோபத்தையும் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் "சரிங்க மாமா" என்பீர்கள். அதற்கப்புறம் எனக்குப் பேச்சே வராது. முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பீர்கள், நானும் பத்து நிமிஷம் முழங்காலைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுவேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே மரியாதை செய்ய முடியாது. விஷயம் இதுதான்: கிளினிக்கில் என் இடம் போகப்போகிறது, அதை எடுப்பது நீங்கள், எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

முதலில் என்மேல்தான் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். இருபத்தேழு வருஷமாக டாக்டர் அறைக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறேன். நம் கிளினிக்குக்குப் பதினாறு படி. ஏற முடியாதவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு மனசு கேட்காமல், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "எங்க மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல இந்த மாதிரியெல்லாம் செய்வாரு டாக்டர், வீட்டுல இருந்தே உங்களைப் பார்க்கலாம்" என்று நான்தான் சொன்னேன். டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நீங்களும் வந்தீர்கள், பேசினீர்கள், செய்வதற்கு முன்னால் என்னென்ன தேவை என்று எல்லாரிடமும் கேட்க வேண்டும் என்றீர்கள். கேட்பதற்கு ஒரு பெண்ணை அனுப்பினீர்கள். கையில் மஞ்சள் சீட்டுக் கட்டோடு வந்தவளை நாங்கள் இன்றுவரை மஞ்சள் சீட்டு என்றுதான் கூப்பிடுகிறோம். நல்ல பெண். ஆனால் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிறாள், ஏனுக்குப் பதில் சொன்னால் அதற்கும் ஏன் என்கிறாள், பதில் தீர்ந்துபோகும்வரை விடுவதில்லை. ஆறு நாள் வந்தாள். ஆறாம் நாள் என் மேசையில் மரம் தெரியவில்லை, மஞ்சள்தான் தெரிந்தது.

டாக்டரிடம் உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டாள். அவர் அப்போதுதான் நாற்பது பேரைப் பார்த்து முடித்திருந்தார். எனக்கு ஒன்றுமே வேண்டாம், எல்லாம் பேசி முடித்து எழுந்து கதவுவரை போய்விட்டு "டாக்டர், இன்னொரு விஷயம்" என்று திரும்பி வருகிறார்களே, அதை மட்டும் ஏதாவது செய்யுங்கள் என்றார். நர்ஸம்மாவிடம் கேட்டாள். எடையைக் கேட்டால் ஒருத்தரும் உண்மை சொல்வதில்லை, இங்கே வந்தாலாவது மெஷினில் ஏற்றலாம், வீட்டிலிருந்து சொன்னால் நாமே ஒரு ஆறு கிலோ கூட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றார் நர்ஸம்மா. அந்த அம்மாள் சொன்னது பெருமூச்சு, மாப்பிள்ளை. உங்கள் பெண் அதைத் தேவை என்று எழுதிக்கொண்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னிடம் வந்தாள். உங்கள் வேலை என்ன என்றாள். டோக்கன் கொடுப்பது என்றேன். அப்படியானால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக உள்ளே அனுப்புவீர்கள், அவ்வளவுதானே என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இல்லையம்மா, ஏழாம் நம்பரை முதலில் அனுப்புவேன், இரண்டாம் நம்பரைக் கடைசியில்கூட அனுப்புவேன் என்றேன். ஏன் என்றாள். பார்த்தால் தெரியும் என்றேன். எதைப் பார்த்தால் என்றாள். நான் என்னத்தைச் சொல்ல? நாற்காலியில் முழுசாக உட்காராமல் நுனியில் உட்கார்ந்திருப்பவர், சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்காதவர், அழ வேண்டிய வயசில் அழாமல் தோளில் கிடக்கும் குழந்தை, இப்படி எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பதினொரு சீட்டு எழுதினாள். கடைசியில், இதைக் கணக்காகச் சொல்ல முடியாது, ஆகவே இது இரண்டாவது கட்டத்தில் வரும் என்றாள். நம் டாக்டர் ஒரு விஷயத்தை முடியாது என்று சொல்ல மனசில்லாவிட்டால் பார்க்கலாம் என்பார். அந்த மாதிரிதான் இதுவும் என்று புரிந்துகொண்டேன். புரிந்தும் ஒரு வேண்டுகோள் வைத்தேன். வீட்டிலிருந்து காத்திருப்பவர்களும் நம் கூடத்தில் இருப்பது போல ஒருவரையொருவர் பார்க்கட்டும், பிடித்தால் பேசட்டும், தனியாக ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் இல்லாத வியாதியும் வரும் என்றேன். அதை மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் பொடி எழுத்தில் அச்சடித்து ஒரே தாளில் கொண்டுவந்தாள். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார், நீங்களும் போடுங்கள் என்றாள். கூடத்தில் அப்போது இருபத்திரண்டு பேர். கூரியர்காரர், ஆக்சிஜன் சிலிண்டர்காரர், லேப் ரிப்போர்ட் கொண்டுவருபவர் என்று யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டே பழகிய கை இது. இங்கே ஒன்று, பின்னால் ஒன்று என்று அவளே தாளைத் திருப்பிப் பிடித்தாள், போட்டேன். போட்டதோடு நின்றேனா? வழக்கப்படி கீழே "சேதமில்லாமல் பெற்றுக்கொண்டேன்" என்றும் எழுதினேன். எதற்கும் இருக்கட்டும் என்று நம் மெஷினில் ஒரு நகல் எடுத்து டிராயரில் வைத்தேன். படிக்கவில்லை.

போன புதன்கிழமை ஒத்திகை. எட்டு நோயாளிகள் அவரவர் வீட்டில் போனோடு, டாக்டர் தன் அறையில் கம்ப்யூட்டரோடு, நான் என் மேசையில் இன்னொரு திரையோடு. எட்டுப் பேரில் உங்கள் அத்தையும் ஒருத்தி, ஆள் குறைகிறது என்று நான்தான் பிடித்துப் போட்டேன். நல்ல வேளையாக அவள்தான் முதல் நம்பர். டாக்டர் தங்கமாகப் பேசினார், உங்கள் அத்தையும் தங்கமாகப் பதில் சொன்னாள், முடிந்தது என்று பார்த்தால் திரையில் "இன்னொரு விஷயம்" என்று பெரிய பச்சைப் பொத்தான் வந்து நிற்கிறது. டாக்டர் ஒழிக்கச் சொன்னதை நீங்கள் பொத்தானாகவே செய்து கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் அத்தையைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. பத்தொன்பது தடவை அழுத்தினாள். பதினேழாவது விஷயம் என் குறட்டை. எல்லாம் முடிந்து அவள் போனுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுப் பட்டியல் ஒன்று வந்தது. அதில் அவள் சொன்ன எடைக்கு மேல் சரியாக ஆறு கிலோ. அன்றைக்கிலிருந்து வீட்டில் எனக்கும் அந்தப் பட்டியல்படிதான் சாப்பாடு.

அவள் பத்தொன்பது விஷயமும் பேசி முடிப்பதற்குள் மற்ற ஏழு பேரும் காத்திருப்புத் திரையில் ஒருவரையொருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். என்ன பேச்சு, என்ன சிரிப்பு! தோள்வலிக்காரருக்குத் தையல்கார அம்மாள் கையை எப்படிச் சுழற்றுவது என்று செய்து காட்டினார், அவரும் சுழற்றினார், வலி விட்டுவிட்டது என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டுப் போயே போய்விட்டார். இன்னொருவருக்கு வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டது, உடனே பார்க்க வேண்டும் என்று அவரும் கிளம்பிவிட்டார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, டாக்டருக்கு ஆளே மிஞ்சாது போலிருக்கிறதே என்று கவலையாகவும் இருந்தது. அப்போதுதான் பஸ் டிரைவரைப் பார்த்தேன்.

டிரைவரை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், உங்கள் கல்யாணத்தில் மைக்கை வாங்கிப் பேசிக்கொண்டே இருந்து, திருப்பிக் கொடுக்காதவர். நெஞ்செரிச்சல் என்று சொல்லி எட்டாம் நம்பர் வாங்கியிருந்தார். அத்தனை பேர் பேசுகிற இடத்தில் அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். அவர் பெயரைப் பிடித்து மேலே இழுத்தேன், வரவில்லை. பொத்தானைத் தேடினேன், இல்லை. வரிசையை மாற்ற முடியாது என்று திரையில் எழுதி வந்தது. இருபத்தேழு வருஷத்தில் டாக்டர் கதவைத் தட்டாமல் திறந்தது அன்றைக்குத்தான். "டாக்டர், டிரைவரை இப்பவே பாருங்க, அவரு பேசாம இருக்காரு" என்றேன். வேறொருவராக இருந்தால் பேசாமல் இருப்பது ஒரு வியாதியா என்று கேட்டிருப்பார். நம் டாக்டர் உங்கள் அத்தையைப் பாதியில் காத்திருக்கச் சொல்லிவிட்டு டிரைவர் வீட்டுக்குப் போன் போட்டு, அவர் மனைவியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஆம்புலன்ஸையும் அனுப்பினார். நெஞ்செரிச்சல் இல்லை, மாப்பிள்ளை, இதயம். இன்னும் அரைமணி போயிருந்தால் கஷ்டம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இப்போது நன்றாக இருக்கிறார், வார்டில் யாரையும் தூங்க விடுவதில்லை என்று கேள்வி.

இது நடந்த மறுநாள், ஆறு கிலோவுக்கு நான் பொறுப்பில்லை, நர்ஸம்மாதான் என்று உங்கள் அத்தையிடம் நிரூபிப்பதற்காக அந்த நகலை வீட்டுக்கு எடுத்துப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றாவது வரியிலிருந்து உரக்கப் படித்தாள். ஆறு கிலோ ஒன்பதாவது வரியில் இருந்தது, அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. தாளின் அடிக்கு வந்தாள்.

"முப்பத்தொண்ணு. வரவேற்பு மேசை நீக்கப்படும். இது உங்க மேசைதானே?"

"ஆமா."

"கையெழுத்தும் உங்களுதுதானே? அதுக்குக் கீழ என்ன இது, சேதமில்லாம பெத்துக்கிட்டீங்களா?"

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல், அன்றைக்கு மட்டும் பட்டியலில் இல்லாத ஒரு கப் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். அதில்தான் எனக்கு நிலைமை புரிந்தது.

மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. சம்பளத்தை நினைத்து இல்லை. காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே போவது என்று தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் உங்கள் அத்தை மூன்றாம் நாளே எனக்கு டோக்கன் கொடுத்துவிடுவாள். டாக்டரிடம் கேட்கலாம் என்று பார்த்தால், படிக்காமலா கையெழுத்துப் போட்டாய் என்பார், லேப் ரிப்போர்ட்டை நான் படித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன் என்று இருபத்தேழு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிற மனுஷன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, படி ஏற முடியாதவர்கள் முகத்தை அன்றைக்குத் திரையில் பார்த்தேனே, இது நல்ல காரியம்தான். ஆனால் வரிசையில் இருப்பவர்களை ஒருத்தர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் வேண்டும். முப்பத்தொன்றாவது வரியை அடித்துவிடுங்கள். பெண்ணைக் கொடுத்த இடத்தில் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன். இனிமேல் செத்தாலும் படிக்காமல் ஒரு தாளிலும் கையெழுத்துப் போட மாட்டேன், இது சத்தியம்.

என் மகளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், அவள் உங்களிடம் சண்டைக்கு வருவாள். அவளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசீர்வாதம். உங்கள் அப்பா அம்மாவை ரொம்பவும் விசாரித்ததாகச் சொல்லவும். நீங்கள் கைவைத்த காரியமெல்லாம் நன்றாக நடக்க வேண்டும், இந்த ஒரு வரி தவிர.

இப்படிக்கு,
எப்போதும் உங்கள் நலம் நினைக்கும்
மாமா

பி.கு.: ஒட்டிய கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போட எடுத்துக்கொண்டு கிளினிக்கிலிருந்து கிளம்பும்போது மஞ்சள் சீட்டு வந்தாள். முகத்தைப் பார்த்தே என்னவென்று கேட்டாள் (அவளுக்கும் பார்த்தால் தெரிய ஆரம்பித்திருக்கிறது). பையிலிருந்த நகலை எடுத்து நீட்டினேன். அசல் தாளை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். நான் மெஷினில் ஒரு பக்கத்தைத்தான் நகல் எடுத்திருக்கிறேன். பின்பக்கம் முதல் வரி: "32. மேசையில் இருப்பவருக்கு டாக்டர் அறையிலேயே பெரிய திரையோடு தனி இடம். யாரை வேண்டுமானாலும் அவர் முன்னால் அனுப்பலாம். காரணம் கேட்கக் கூடாது." இது இரண்டாவது கட்டத்தில் வரும் என்றும், இந்த வரியை நீங்களே உங்கள் கையால் சேர்த்தீர்கள் என்றும் சொன்னாள். மாப்பிள்ளை, மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள்ளவும், ஆறு கிலோவைத் தவிர. இரண்டாவது கட்டத்தைச் சீக்கிரம் ஆரம்பிப்பதற்காக இன்று அவள் கொண்டுவந்த புதிய பட்டியல் ஏழு பக்கம். இருந்த சந்தோஷத்தில் அங்கேயே ஏழிலும் கையெழுத்துப் போட்டுச் சேதமில்லாமல் பெற்றுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் உங்கள் அத்தை கேட்ட பிறகுதான் படிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நான் எதற்குச் சம்மதித்திருக்கிறேன் என்பதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லவும். அதில் நாற்காலி இருக்கிறதா?