வாக்குத் தவறி வண்டி ஏறியது பற்றி மச்சானுக்கு

காஜா பெராங், மலாக்கா.
2604ஆம் வருடம், எட்டாம் மாதம், 20ஆம் நாள்.
(இது ஜப்பான்காரர் கணக்கு. நம் பழைய கணக்கில் 1944.)

மதிப்பிற்குரிய மச்சான் சிஹாபுதீன் அவர்களுக்கு, அப்துல் அஜீஸ் மிகுந்த மரியாதையுடனும் கொஞ்சம் பயத்துடனும் எழுதும் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நாங்கள் மூவரும் சுகம். அங்கே மூவாரில் நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். தபாலில் போட்டால் நாலு பேர் படித்த பிறகே உங்கள் கைக்கு வரும் என்பதால், மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவரும் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மூவரும் என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். கைப்பிழை அல்ல. உங்கள் தங்கை ரோஷன் பீவி சென்ற வியாழக்கிழமை பெண் குழந்தை பெற்றிருக்கிறாள். தாயும் பிள்ளையும் நலம். இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு மதினியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். பிறகு மேற்கொண்டு படியுங்கள். மேற்கொண்டு இருப்பது உங்களுக்குக் கோபம் வரக்கூடிய விஷயம். உங்களுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறிவிட்டேன். மோட்டார் சைக்கிள் ஓட்டினேன்.

எந்த வாக்கு என்று உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை, ஆனாலும் என் தரப்பைச் சொல்ல அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கடிகாரங்களை எல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவைத்த பிறகு, காலை ஏழு மணி வேலை என்றால் சூரியனுக்கு அது ஐந்தரை. மருந்துச்சாலை டிரஸராகிய நான் அந்த இருட்டில் கட்டுத்துணியும் மருந்தும் எடுத்துக்கொண்டு போனபோது, உஜோங் பாசிர் வளைவில் படுத்திருந்த எருமையின் மேல் வண்டியை ஏற்றினேன். எருமை எழுந்து போய்விட்டது. நான் எழுந்திருக்க நாலு மாதம் ஆயிற்று. வலது தொடை முறிந்து, விலா எலும்பு மூன்று போய், பிழைப்பேனா என்றே தெரியாத நேரத்தில் நீங்கள் மூவாரிலிருந்து வந்து கட்டிலருகே நின்று, "மாப்ள, இனிமே இந்த வண்டி மேல காலப் போட்டீங்கன்னா, என் தங்கச்சிய நான் மூவாருக்கே கூட்டிட்டுப் போயிருவேன்" என்றீர்கள். நான் தலையாட்டினேன். அப்போது எனக்கு ஆட்ட முடிந்தது தலை ஒன்றுதான்.

உண்மையில் நீங்கள் அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். தெருவில் எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் என் உள்ளங்கை வேர்த்துவிடும். வண்டியைக் கொல்லையில் போட்டு அதன் மேலேயே கோழிக்கூண்டு கட்டினேன். ஊரில் இருந்த வண்டிகளை எல்லாம் பறிமுதல் செய்ய வந்த சிப்பாய்கள், முட்டை வடிவத்தில் வளைந்திருந்த முன் சக்கரத்தையும் சீட்டில் உட்கார்ந்திருந்த கோழியையும் பார்த்துச் சிரித்துவிட்டு முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் அடுத்த வீட்டு மெக்கானிக் கபீரால் ஓடாத ஒரு வண்டி பக்கத்தில் கிடப்பதைப் பொறுக்க முடியவில்லை. சக்கரத்தை நிமிர்த்தினார், எஞ்சினைப் பிரித்தார், பெட்ரோலுக்குப் பதிலாக ரப்பர் ஷீட்டைக் காய்ச்சி எண்ணெய் வடித்து ஊற்றினார். விற்றுவிடலாம் என்ற எண்ணத்தில்தான் நான் சம்மதித்தேன். இது சத்தியம்.

வியாழன் காலை ரோஷனுக்கு வலி கண்டது. கபீரின் மனைவி சபியா உள்ளே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தவள் முகம் சரியில்லை.

"அண்ணே, தலை வரல. கால் வருது. என்னால முடியாது. பொன்னம்மாவ கூட்டிட்டு வாங்க."

பொன்னம்மா உஜோங் பாசிரில் இருக்கும் மருத்துவச்சி. இந்த ஊரில் குறுக்கே கிடந்த பிள்ளைகளையெல்லாம் திருப்பியவர். நான் டிரஸர்தான், ஆனால் எனக்குத் தெரிந்தது புண்ணும் கட்டும். என் காலோடு அவ்வளவு தூரம் நடந்தால் போகவே ஒன்றரை மணி நேரம். ரிக்‌ஷா ஒன்றும் கண்ணில் படவில்லை. கபீரைப் பார்த்தேன். "நீங்க போயிட்டு வாங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்றார். இருபது வருடம் வண்டி பழுதுபார்த்த மனிதர். பிரிக்கத் தெரியும், பூட்டத் தெரியும், ஓட்டத் தெரியாது. உள்ளே உங்கள் தங்கை என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். நான் கோழியைத் தூக்கி இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். என் வலது கால் உதைத்து ஸ்டார்ட் செய்யும் நிலையில் இல்லை என்பதால், கபீரும் தெருவில் போன இரண்டு பேரும் தள்ளிவிட்டார்கள்.

வண்டி ஓடியது என்பதைவிட, நான் விழவில்லை என்பதே சரி. ஆற்றுப் பாலத்தில் நிற்கும் ஜப்பான் காவல்காரனுக்கு இறங்கி வணங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் வணங்க மறந்தவர் ஒருவரை அங்கே பகல் முழுக்க வெயிலில் நிற்க வைத்திருந்தார்கள். நான் இறங்கினேன், எஞ்சின் நின்றது. குனிந்து நிமிர்ந்து உதைத்துப் பார்த்தேன். வலிதான் கிளம்பியது, வண்டி கிளம்பவில்லை. அந்தச் சிப்பாய் துப்பாக்கியுடன் பக்கத்தில் வந்தான். அடிக்கப் போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் என் காலைப் பார்த்தான், வயிறு மாதிரிக் கையால் வளைத்து நான் காட்டிய ஜாடையைப் பார்த்தான், என்னை ஒதுக்கிவிட்டு அவனே மூன்று உதை உதைத்தான். மூன்றாவதில் கிளம்பி, ரப்பர் கருகிய புகை அவன் முகத்தை மூடியது. நான் மறுபடி குனிந்தேன். முதல் வணக்கம் உத்தரவுக்கு. இரண்டாவது மனசாரச் செய்தது.

பண்டார் ஹிலிர் தாண்டி அந்த வளைவு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எஞ்சினை அணைக்காமல் இறங்கி, வளைவு முடியும் வரை வண்டியை மாட்டைப் போல நடத்திக்கொண்டு போனேன்.

பொன்னம்மா பையைத் தூக்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்காமல் பின்னால் ஏறிவிட்டார். ஆள் என்னைவிட ஒன்றரை மடங்கு. திரும்பி வரும்போது அதே வளைவு. நான் நிறுத்தி, "அம்மா, கொஞ்சம் இறங்கி நடந்துருவோம். இங்கதான் எருமை மேல மோதுனேன்" என்றேன்.

"எப்ப?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

"அது இன்னுமா இங்க படுத்திருக்கு?" என்றார். "ஓட்டுங்க தம்பி. அங்க பிள்ளைக்குக் கால் குளிரும்."

ஓட்டினேன். கண்ணைத் திறந்துகொண்டே ஓட்டினேன். வளைவு முடிந்தபோது, நாலு மாதம் கட்டிலிலும் அதற்கப்புறம் நடமாடியபோதும் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது போல் இருந்தது. வாய்விட்டு அழுதேன். காற்று அடித்ததால் பொன்னம்மாவுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். பாலத்தில் அந்தச் சிப்பாய் தூரத்திலேயே என்னைப் பார்த்து, இறங்க வேண்டாம் என்று கையசைத்தான். பொன்னம்மா சீட்டிலிருந்தே குனிந்த வேகத்தில் அவர் நெற்றி என் முதுகில் இடித்தது.

அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. நான் கொல்லையில் நின்றேன். கபீர் பக்கத்தில் நின்றார். உள்ளேயிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது, பிறகு பெரிதாக வந்தது. சபியா கதவைத் திறந்து, "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, உள்ள வாங்க" என்றாள். உள்ளே போனேன். குழந்தையைக் காட்டும் முன் ரோஷன் மூக்கைச் சுளித்தாள்.

"ரப்பர் நாத்தம் வருதே. வண்டியிலயா போனீங்க?"

"ஆமா."

"அண்ணனுக்கு நீங்களே எழுதிருங்க. நான் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

ஆகவே மச்சான், நடந்தது இதுதான். தப்பு என்னுடையது. ஒரே ஒரு தடவை, அதுவும் உங்கள் தங்கைக்காக என்பதை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். இனி அந்த வண்டியை நான் தொடமாட்டேன். அடுத்த வாரமே ஆள் பார்த்து விற்றுவிடுவேன். பிள்ளைக்கு நூர்ஜஹான் என்று பெயர் வைத்திருக்கிறோம். மதினிக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவன் நம் எல்லாரையும் இந்தக் காலத்தைக் கடத்திக் கரை சேர்ப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் கோபத்துக்கும் அன்புக்கும் உரிய மைத்துனன்,
அப்துல் அஜீஸ்

பின்குறிப்பு: லாரி நாலு நாளாக வரவில்லை, அதனால் கடிதம் இங்கேயே இருந்துவிட்டது. இந்த நாலு நாளில் பொன்னம்மாவை செமாபோக்குக்கு இரண்டு தடவையும் பண்டார் ஹிலிருக்கு ஒரு தடவையும் கொண்டுபோய் விட்டேன். மூன்று பிரசவமும் சுகம். நாளைக்கு இன்னொன்று இருக்கிறதாம். மூவாரில் பின் சக்கரத்துக்குப் பழைய டயர் ஏதாவது கிடைத்தால், ஒட்டுப்போட்டதாக இருந்தாலும் சரி, இதே லாரியில் ஏற்றி அனுப்பவும். ரோஷனும் இதையே எழுதச் சொல்கிறாள்.