வானத்திலிருந்து வைக்கோல் போருக்கு

இந்தத் தடவை எழில்மொழியை ஜெயித்தே தீருவது என்று சனிக்கிழமை காலை பல் துலக்கும்போது நெடுஞ்செழியன் முடிவு செய்தார். கல்யாணமான நாளிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த முடிவை எடுக்கிறவர்தான். ஆனால் மற்றதெல்லாம் வெறும் முடிவு. இது வைராக்கியம். வித்தியாசம் தெரியட்டும் என்று வாயைக்கூட இரண்டு தரம் கூடுதலாகக் கொப்பளித்தார்.

காரணம் ஒரு சினிமா. 'மேகத்துக்கு மேலே மரண அடி' என்று ஒரு டப்பிங் படம். மருந்துப் பெட்டியைத் திருடிய வில்லன் விமானத்திலிருந்து குதிக்கிறான். பட்டாளத்தில் சமையல்காரராக இருந்த ஹீரோ அவனைத் துரத்திக்கொண்டு தானும் குதிக்கிறார். வில்லனிடம் பாராசூட் இருக்கிறது. ஹீரோவிடம் கரண்டிகூட இல்லை. இருந்தாலும் நடுவானத்தில் எட்டிப் பிடிக்கிறார், அடிக்கிறார், அம்மாவை நினைத்து நாலு வார்த்தை பேசி அழுகிறார், பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நேராக ஒரு வைக்கோல் போரில் வந்து விழுகிறார். அப்புறம் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடக்கிறார்.

இதை டீவியில் எத்தனை தடவை பார்த்தோம் என்று நெடுஞ்செழியனுக்கே தெரியாது. சிரிக்காதீர்கள். கீழ்வேளூர்ப் பக்கம் நெல் போட்டுப் பிழைக்கிற மனுஷன் அவர். வானத்தை அண்ணாந்து பார்ப்பதெல்லாம் பயத்தோடுதான். குறுவை அறுக்கிற நேரம் கறுத்தால் பயம், சம்பா விதைக்கிற நேரம் வெளுத்தால் பயம். அந்த வானத்துக்குள்ளேயே ஒருத்தன் புகுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, துளியும் பயமில்லாமல் விழுகிறானே என்று பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். சில சமயம் கண்ணும் கலங்கும்.

கண் கலங்குகிற நேரம் பார்த்துத்தான் எழில்மொழி வாயைத் திறப்பாள்.

"ஏங்க, இவன் எப்ப குதிச்சான்?"

"இப்பதான்."

"இப்பவா? நான் அரிசி களைஞ்சு, குக்கர் வச்சு, விசில் வந்து எறக்கியும் வச்சுட்டேன். இன்னும் தரைக்கு வந்து சேரலையே."

"உசரம் அதிகம் எழிலு."

"சரி, ரெண்டு பேரும் பேசிக்கிறாங்களே, அந்தக் காத்துல எப்படிக் கேக்குது?"

"ஏன் கேக்காது?"

"வண்டியில உங்க பின்னாடி உக்காந்து நான் பேசுறது, திருவாரூர் போய்ச் சேர்ற வரைக்கும் உங்களுக்குக் கேட்டதில்லையே."

"அது ஹெல்மெட்."

"அவங்களும் ஹெல்மெட்தான் போட்டிருக்காங்க."

இப்படி. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். வில்லன் முன்னாடியே குதித்துவிட்டானே, பின்னாடி குதித்தவன் எப்படி அவனை முந்தினான் என்பாள். நடுவில் மேகத்துக்குள் போய் வந்தும் சட்டை ஏன் நனையவில்லை என்பாள். நெடுஞ்செழியனுக்குக் கலங்கின கண் அப்படியே காய்ந்து போகும்.

இப்போது இரண்டாம் பாகம் வருகிற வெள்ளிக்கிழமை திருவாரூரில் ரிலீஸ். தனியாகப் போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் அவருக்கு எழில்மொழி பக்கத்தில் இல்லாமல் படம் இறங்காது. அவள் பக்கத்தில் இருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. வாழ்க்கையில் அவர் கேட்டது அவ்வளவுதான், அதுதான் இதுவரைக்கும் கிடைக்கவில்லை.

காப்பியோடு பேச்சை ஆரம்பித்தார்.

"எழிலு, வெள்ளிக்கிழமை ரெண்டாம் பாகத்துக்குப் போறோம்."

"போவலாம். மொதல்ல வயல்ல கெடக்குற வைக்கோலைக் கொண்டாந்து சேருங்க. மழை வந்து நனைஞ்சிட்டா மாடு ரெண்டும் எதைத் திங்கும்?"

அதுவும் உள்ளதுதான். மிஷின் அறுத்து, இன்னொரு மிஷின் வைக்கோலை உருட்டிக் கட்டுக் கட்டாகப் போட்டுவிட்டுப் போய் நாளாகிவிட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கட்டுகள் அப்படியே கிடந்தன. அவளும் தினம் சொல்கிறாள். ஒரு நாள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, ஒரு நாள் ஆள் வரவில்லை, ஒரு நாள் மழை வரும் என்று செய்தியில் சொன்னார்கள், அதனால் வராது என்று இருந்துவிட்டார்.

"வைக்கோல் எங்க ஓடிடப் போவுது? படத்துக்கு வந்தா வாயை மூடிக்கிட்டுப் பாப்பியா, அதைச் சொல்லு."

"பொய்யைப் பாத்தா வாய் தானா தொறந்துக்குதுங்க."

"எது பொய்?"

"மத்ததைக்கூட விட்டுடுறேன். வைக்கோல்ல விழுந்தவன் சொறிஞ்சுக்காம எழுந்து போறான் பாருங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல."

"அவன் வீரன். சொறிஞ்சுக்க மாட்டான்."

"நீங்க விழுந்தா?"

"நானும் சொறிய மாட்டேன். விழுந்தே காட்டுறேன்."

"எங்கேர்ந்து?"

"நம்ம மாடியிலேர்ந்து."

"எதுல?"

"வைக்கோல்லதான். அதான் வயல்ல கெடக்குல்ல."

எழில்மொழி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். பயந்துவிட்டாள் என்று நெடுஞ்செழியன் புரிந்துகொண்டார். சூட்டோடு சூடாகப் பந்தயத்தைக் கட்டினார். அவர் குதித்து, சொறியாமல் எழுந்தால், இரண்டாம் பாகம் முழுக்க அவள் ஊமை. இல்லையென்றால் இனி இந்த வீட்டில் மரண அடி ஓடாது.

"வேணாங்க," என்றாள் எழில்மொழி. "கட்டு ஒவ்வொண்ணும் கனம். உங்களால முடியாது."

வேறு என்ன வேண்டும்? முடியாது என்ற வார்த்தை காதில் விழுந்த மாத்திரத்தில் நெடுஞ்செழியன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிவிட்டார். வண்டியில் இரண்டிரண்டாக வைத்துக் கட்டி, வரப்பில் தள்ளி, வீட்டுப் பக்கம் கொண்டுவந்து போட்டார். இடுப்பு ஞாபகமே வரவில்லை. பக்கத்து வீட்டுப் பக்கீர் முகம்மது வழியில் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"என்னண்ணே, தனியாவா ஏத்துறீங்க? ஆள் வரலையா?"

"இது வேற விஷயம் தம்பி. ஆளை வச்சு செய்யுற காரியம் இல்ல."

ஒரு சுற்று அடுக்கி முடித்து, போதும் என்று மாடிப்படியில் கால் வைத்தார். எழில்மொழி தடுத்தாள்.

"தரையில அப்படியேவா அடுக்குறீங்க? அடியில தென்னை மட்டை பரப்புனா கொஞ்சம் அமுங்கிக் குடுக்கும். எலும்பு பத்திரமா இருக்கும்ல."

யோசித்தால் சரியாகத்தான் பட்டது. எல்லாவற்றையும் எடுத்து, மட்டை பரப்பி, மறுபடி அடுக்கினார்.

"படத்துல போர் இவ்வளவுதான் உசரமா?"

டீவியைப் போட்டு, அந்த இடத்தில் நிறுத்தி, இரண்டு பேரும் பார்த்தார்கள். போர் ஓர் ஆள் உயரம் இருந்தது. மோசடி செய்து ஜெயித்தார் என்ற பேச்சு பின்னால் வரக் கூடாது. வயலில் மிச்சம் கிடந்ததையும் ஒரு கட்டு விடாமல் கொண்டுவந்தார்.

"நடுவுல உசத்தி, ரெண்டு பக்கமும் சரிச்சு வைங்க. அவன் சறுக்கிக்கிட்டுதானே எறங்குறான்?"

ஆமாம், சறுக்கித்தான் இறங்கினான். சரித்து வைத்தார். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவர் கவனித்தார், ஆனால் இன்றைக்கு வானத்தைப் பார்த்து அவருக்குப் பயமே வரவில்லை. அதுவே ஒரு வெற்றி மாதிரி இருந்தது.

கடைசியில் எழில்மொழி உள்ளேயிருந்து பெரிய படுதாவை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இதைப் போத்தி நாலு பக்கமும் கயித்தைக் கட்டிடுங்க. விழும்போது வைக்கோல் தாள் கண்ணுல குத்திடப் போவுது."

நெடுஞ்செழியனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பைத்தியக்காரி, படுதாவின் மேல் விழுந்தால் எப்படி அரிக்கும்? பந்தயத்தைத் தானே தூக்கி அவர் கையில் கொடுக்கிறாள். அவள் மனசு மாறுவதற்குள் படுதாவைப் போர்த்தினார். சுற்றிச் சுற்றி வந்து, காற்று நுழையாதபடி இறுக்கி, கல்லை வைத்துக் கட்டினார். உடம்பெல்லாம் மத்தியானத்திலிருந்தே அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது தூக்கின அரிப்பு. விழுந்த அரிப்புக்குத்தான் பந்தயம்.

மாடி ஏறிக் கைப்பிடிச் சுவரில் நின்றார். பக்கீர் முகம்மதுவும் அவன் மனைவி சபிஹாவும் மதில் ஓரமாக வந்து நின்றார்கள். கீழே பார்த்தார். அடுக்கும்போது அவ்வளவு பெரிதாக இருந்த போர், மேலேயிருந்து பார்க்கச் சின்னதாக இருந்தது. குனிந்து கைப்பிடிச் சுவரை ஒரு தரம் பிடித்துக்கொண்டார். இருந்தாலும் கையை விரித்தார். வைராக்கியம் என்றால் வைராக்கியம். மூக்கில் ஒரு தூறல் விழுந்தது.

"ஏங்க," என்றாள் எழில்மொழி கீழேயிருந்து. "வேணாம், எறங்கி வாங்க. நான் தோத்துட்டேன்னு வச்சுக்குங்க."

"வச்சுக்கிறதெல்லாம் இல்ல. தோத்துட்டேன்னு சொல்லு."

"தோத்துட்டேன்."

"படத்துக்கு வருவ?"

"வர்றேன்."

"வாயைத் தொறக்க மாட்ட?"

"தொறக்க மாட்டேன். மொதல்ல எறங்குங்க."

நெடுஞ்செழியன் இறங்கினார். படி வழியாகத்தான். ஆனால் வானத்திலிருந்து இறங்குகிற நடை. இத்தனை வருஷத்தில் அவள் வாயால் தோத்துட்டேன் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. எழில்மொழி சுடச்சுடக் காப்பியும் தட்டு நிறைய உளுந்து வடையும் கொண்டுவந்து வைத்தாள். எதற்காகவோ அவளும் ரொம்பச் சந்தோஷமாகத்தான் இருந்தாள். நாலு தூறலோடு மழை நின்றுவிட்டது. மேகம் மட்டும் கலையாமல், நாளைக்கு வருகிறேன் என்பதுபோல அங்கேயே நின்றது.

வடையைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் முதுகைச் சொறிந்தபடி, நெடுஞ்செழியன் மதில் பக்கம் போனார்.

"பாத்தியாம்மா சபிஹா? உங்க அக்கா தோத்துட்டா. எங்கிட்ட நடக்குமா?"

சபிஹா அவரைப் பார்த்தாள். அடுக்கி, சரித்து, படுதா போர்த்தி, கயிறு கட்டி நின்ற போரைப் பார்த்தாள். அப்புறம் எழில்மொழியைப் பார்த்து, ரொம்பத் தணிவாகக் கேட்டாள்.

"அக்கா, நாளைக்குக் காலையில அண்ணனை எங்க மாடியிலேர்ந்தும் குதிக்கச் சொல்றீங்களா? எங்க வைக்கோலும் வயல்லதான் கெடக்கு."