படிப் பட்டியலும் சிவப்புக் கேடயமும்

திருத்தணி,
டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி பூபாலனுக்கு அக்கா தமிழ்செல்வி எழுதுவது. மலைமேல் இருப்பவன் தயவில் இங்கே இருவரும் சுகம். நீயும் ஷோபனாவும் பெங்களூரில் அவ்வாறே இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், ஆகவே கடிதம்.

இன்று காலை பத்தேகாலுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரரான உன் பாவா ஆதிகேசவன், எதிர்வீட்டுச் சுலோச்சனா. ரிப்பேர் கடை அசோக்குமார் போனில் இருந்தார், அவரையும் சேர்த்தால் மூன்றரைப் பேர்.

விஷயம் இது. டிஸ்க் கெட்டுப்போனதால் அசோக்குமார் புதிது போட்டு, தீபாவளிக்கு நீ எடுத்து வைத்த பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றித் திங்கட்கிழமை கொண்டுவந்து வைத்தார். படிப் பட்டியல் இருந்தது, கண்ணால் பார்த்தேன். ஆனால் அன்றிலிருந்து நீ போட்டுக் கொடுத்த வைரஸ் காவல் சிவப்புக் கேடயத்தைக் காட்டி ஒரே கேள்வியைக் கேட்கிறது. அகராதி வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்ததில் அர்த்தம்: "முன்பிருந்த பாதுகாப்பு அமைப்பும் இப்போதிருப்பதும் ஒத்துப்போகவில்லை. திரும்ப வந்ததை ஏற்கவா, நிராகரிக்கவா?" அசோக்குமாரைக் கேட்டால், "மேடம், அது சும்மா கேட்டுகினே இருக்கும், எதுனா ஒண்ணு அழுத்துங்க" என்கிறார். எதுனா ஒன்று என்றால் எது? டிசம்பர் முப்பத்தொன்று மலைப்படி பூசைக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது. எங்கள் தெருப் பெண்கள் நாற்பத்தெட்டுப் பேர், ஆளுக்கொரு படி கழுவி மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும். யாருக்கு எந்தப் படி என்று ஆடி முடிந்ததிலிருந்து வீடுவீடாகக் கேட்டு ஏற்றியது அதில்தான் இருக்கிறது. இனி நோட்டு வேண்டாம் என்று சொன்னது நீ. போன வருஷம் மணியம்மைக்கும் எல்லம்மாளுக்கும் ஒரே படியைச் சொல்லிவிட்டு நான் பட்டது உனக்குத் தெரியும், இருவரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

ஆகவே பூக்கட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். உன் பாவா, "கம்ப்யூட்டருக்கு இன்னாத்துக்கு பூவு?" என்றார். "உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க அழுத்துங்க" என்றேன், பேப்பரை எடுத்துக்கொண்டார். மல்லி வந்தால் ஏற்பது, செவ்வரளி வந்தால் நிராகரிப்பது. இரண்டையும் வாழையிலையில் மடித்து, முருகன் படத்தின் முன் குலுக்கிப் போட்டேன். வீட்டாள் எடுத்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று சுலோச்சனாவை எடுக்கச் சொன்னேன். செவ்வரளி வந்தது. நிராகரித்தேன். உடனே, நம்பத்தகாத கோப்புகள் பதினான்கைப் பூட்டிவிட்டதாகச் சொல்லிற்று, அதில் நாலாவதாக இருந்தது படிப் பட்டியல். அதோடு விட்டதா, "திறக்கவா, அழிக்கவா, பிறகு நினைவூட்டவா?" என்று மூன்றாகக் கேட்கிறது. இருப்பதோ இரண்டு பூ. ஓடிப்போய் ஒரு சாமந்தியும் கொண்டுவந்து, மல்லி என்றால் திறப்பது, அரளி என்றால் அழிப்பது, சாமந்தி என்றால் பிறகு என்று பேசிக்கொண்டு மறுபடி குலுக்கினேன். சுலோச்சனாவே எடுத்தாள், சாமந்தி வந்தது.

"பாருங்கக்கா, முருகரே அப்பாலிக்கா பாத்துக்கலாம்னுட்டாரு" என்றாள் சுலோச்சனா.

"அவருக்கே புரியல போல" என்றார் உன் பாவா, பேப்பரை இறக்காமலே.

அப்போதிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. நானும் ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் போட்டுக்கொண்டு "பிறகு" என்றே அழுத்துகிறேன். சுவாமி உத்தரவு ஆகிவிட்டது. ஆகவே நீ அங்கிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைந்து எதையும் தொட வேண்டாம், இந்தக் கடிதத்துக்குப் பதிலும் தேவையில்லை. அவன் சொல்லும்போது திறக்கும்.

உங்கள் இருவருக்கும் விபூதி உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். நெற்றி நிறைய இட்டுக்கொள்ளுங்கள்.

ஆசியுடன்,
அக்கா தமிழ்செல்வி

பி.கு.: உறை ஒட்டும்போது சுலோச்சனா வந்து வாசலிலேயே நின்றாள். "அக்கா, கோச்சுக்காதீங்க. மொத தபா மல்லி வாசனை வந்த பொட்டலத்த வுட்டுட்டு இன்னொண்ண எடுத்தேன். பட்டியல்ல எனக்கு நாப்பத்தாறாவது படி. முட்டிவலியோட தண்ணி தூக்கிகினு அம்மாம் மேல ஏற முடியாது. உங்ககிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. அது தொலைஞ்சா புதுசா எழுதுவீங்கன்னு பாத்தேன். ஆனா அழிக்க மனசு வரல, அதான் ரெண்டாவது தபா தடவிப் பாத்து குண்டா இருந்தத எடுத்தேன்" என்றாள். மேலே முருகன் சொன்னதாக எழுதிய இரண்டும் சுலோச்சனா சொன்னது. திட்டத்தான் வாயெடுத்தேன், அவள் காலைப் பார்த்ததும் வரவில்லை. ஆறாம் படி என்னுடையது, அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு நாற்பத்தாறை நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் மற்ற நாற்பத்தாறு பேருக்கு எந்தப் படி என்று தெரியப் பட்டியல் திறந்தாக வேண்டும். எதை அழுத்துவது என்று சீக்கிரம் பதில் போடு.