ஒரு மணி நேரத்து முதலாளி

ஆம்பூர் வட்டாரத்துத் தோல் முதலாளிகளில் இரண்டு வகை உண்டு. ஆபீஸ் உள்ளவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை; அவர்களுக்கும் நம்மைப் பற்றிக் கவலையில்லை. மற்றவர்கள், பட்டணத்திலிருந்து சரக்கு வாங்க ஆள் வருகிற அன்று மட்டும், அதுவும் மணிக்கணக்கு வாடகையில், ஆபீஸ் உள்ளவர்கள். இந்த இரண்டாவது ஜாதியைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கப் போகிறேன்.

ஒரு மணி நேரத்து முதலாளியைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்ற நாளெல்லாம் தோல் மண்டி வாசலில் புளியமரத்தடியில் குந்தியபடியே பேரம் பேசி முடிக்கிற மனிதர், அன்று மட்டும் ரயிலடிக்கு எதிரே அமீர் பாஷாவின் பிரியாணிக் கடை மாடிப்படியில், இஸ்திரி போட்ட கோட்டும், மடிப்புக் கலையாத அங்கவஸ்திரமும், பதனிட்ட தோலின் வாடையை அமுக்குவதற்காகக் காதில் செருகிய அத்தர்ப் பஞ்சுமாக ஏறிக்கொண்டிருப்பார். அக்குளில் பெயர்ப்பலகை. கோட்டுப் பையில் ஆணியும் சுத்தியும். முந்தைய மணிக்கு அந்த மாடி அறையை எடுத்தவர் மறந்துவிட்டுப் போன பலகையைக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டுத் தம்முடையதை அடித்து மாட்டுவார். அந்தச் சுவரை நீங்கள் பார்க்க வேண்டும். அம்மை வார்த்த முகம் தோற்றது!

சரக்கு வாங்க வந்தவர் படியேறும் சத்தம் கேட்டதும் ஏதாவது ஒரு காகிதத்தை உற்றுப் பார்க்கத் தொடங்குவார். "வாங்க, வாங்க. நம்ம ஆபீஸைக் கண்டுபுடிக்கப் பேஜாராப் போச்சா?" என்பது முதல் வசனம். "குமாஸ்தா இன்னிக்கு லீவு" என்பது அடுத்தது. அந்தக் குமாஸ்தா பிறந்ததிலிருந்தே லீவில்தான் இருக்கிறான். மேஜைமேல் ஒரு மணியும் உண்டு. தட்டினால் யாரும் வரமாட்டார்கள். ஆனாலும் தட்டுவார்.

இவ்வளவும் யாரை ஏமாற்ற? வருகிற ஆள் இதே அறையில் எத்தனையோ முதலாளிகளைப் பார்த்தவர்.

நம் கன்னியப்பனையே எடுத்துக்கொள்வோம். இத்தனை வருஷமாகப் பிறர் சரக்குக்குத் தரகு பார்த்தவர், போன கோடையில்தான் முதன்முதலாகச் சொந்தத்தில் ஆட்டுத்தோல் வாங்கி, வாடகைத் தொட்டியில் பதனிட்டு, இரவல் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார். ஐப்பசி பிறந்துவிட்டது. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மழை பிடித்தால் கொட்டகை ஒழுகும். தோலில் பூஞ்சை ஏறும். ஏறிவிட்டால் ஒருவனும் தொடமாட்டான். இந்த நேரத்தில்தான், பட்டணத்துப் பெரியமேட்டிலிருந்து ரஷீத் அஹமது சாயபு வருகிறார், கப்பலுக்கு இன்னும் ஒரே ஒருவர் சரக்குத்தான் அவருக்கு வேண்டும் என்று சேதி வந்தது. அவரை விட்டால் மழை ஓய்ந்து தை மாதம்தான்.

"மரத்தடியிலயே முடிச்சிட்டு வாய்யா. மாடி இன்னாத்துக்கு?" என்றாள் மனைவி கங்கம்மாள்.

"உனக்கு இன்னா தெரியும்? மரத்தடியில வித்தா இன்னும் தரகன்னுதான் நெனைப்பாரு."

முழு அறை கட்டுப்படியாகவில்லை. அதற்கென்ன, அமீர் பாஷா நடுவில் மூங்கில் தட்டி வைத்துப் பாதிப் பாதியாகவும் விடுவார். ஒரு பாதியில் மேஜை, மறு பாதியில் வெறும் ஜமக்காளம். கன்னியப்பன் மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஜமக்காளப் பாதிக்கு வந்தவர் ராஜகோபால். அதே தொழில், அதே ஜாதி முதலாளி, அதே சாயபுவுக்காகத் தம் முறை வரக் காத்திருப்பவர்.

அந்த மேஜை, ஊரைவிட்டுப் போன ஒரு துரையின் பங்களா ஏலத்தில் வந்த சாப்பாட்டு மேஜை. அதன்மேல் ஒரு குடும்பமே படுத்துப் புரளலாம்.

சாயபு வந்தார். "அந்த நாற்காலி வேணாம்பா, கால் ஆடும். இதுல குந்து" என்று முதலாளிக்கே இடம் காட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார். மாதிரித் தோலைப் புரட்டினார், மடித்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "சரக்கு நல்லா இருக்குதுப்பா. கையக் குடு."

தோல் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவதுதான் பேரம். பக்கத்திலிருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

சாயபு துண்டைக் கைமேல் போட்டு நீட்டினார். கன்னியப்பனும் நீட்டினார். நடுவே மேஜை. மேஜைமேல் மார்பை அழுத்தி எக்கினார். மசிக்கூடு கவிழ்ந்ததுதான் மிச்சம். விரல் எட்டவில்லை.

"எழுந்து இந்தப் பக்கம் வாயேன்" என்றார் சாயபு.

சுற்றிக்கொண்டு போனால் தீர்ந்தது. ஆனால் ஒரு முதலாளி, தம் ஆபீஸில், தம் மேஜையை விட்டு எழுந்துபோய் வந்தவர் பக்கத்தில் குந்துவாரா? "நீங்க இப்பிடி வந்துடுங்களேன், சாயபு" என்றார்.

"வாங்க வந்தவன் நானு. நான் இன்னாத்துக்குச் சுத்தணும்?" சாயபு துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, வாயாலதான் சொல்லேன்."

தட்டிக்கு அந்தப் பக்கம் விடாமல் இருமிக்கொண்டிருந்த ராஜகோபால் இருமலை நிறுத்திக்கொண்டார்.

அப்போதாவது எழுந்திருக்கக் கூடாதா? கன்னியப்பனுக்கு ஒழுகுகிற கொட்டகையும் அடுக்கிய தோலும் கண்முன் வந்தன. எழுந்திருக்கவில்லை. குனிந்து, மெல்லத்தான் விலையைச் சொன்னார். மூங்கில் தட்டியைத் தாண்டிப் போக அந்த மெல்லிய குரலே போதும்.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்று சாயபு எழுந்து தட்டிக்கு மறுபுறம் போனார். இருவர் ஜமக்காளத்தில் நெருங்கி உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. கன்னியப்பன் தட்டியில் காதை ஒட்டிவைத்துப் பார்த்தார். துண்டுக்குள் நடப்பது யார் காதில் விழும்? அவர் சொன்ன விலையைக் காதில் வாங்கியிருந்த ராஜகோபால், அதற்குக் கொஞ்சம் கம்மியாக ஒரு விரலை மடக்கியிருக்க வேண்டும். "முடிஞ்சுது. வண்டி கட்டச் சொல்லு" என்ற சாயபுவின் குரல்தான் கேட்டது.

மனிதர் அந்தப் பெரிய மேஜைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டார். இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினால், ஜெயித்த ராஜகோபால் அமீர் பாஷாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

"அடுத்த தபா எனக்கு மேஜைப் பக்கந்தான் வேணும், பாய். ஜமக்காளத்துல குந்தி வியாபாரம் பண்றது மானக்கேடு!"

"அதெப்படி? மேஜை என்னுது. நானு எப்பவும் அங்கதான்" என்று பாய்ந்தார் கன்னியப்பன்.

இருவரும் குரலை உயர்த்தினார்கள். வெளியே தூற்றல் வலுத்து மழையாகிவிட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன மாதம் பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்று பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிவந்து போட்டு, அதில் நீங்களே சாய்ந்து உட்கார்ந்துகொண்டீர்களே, நினைவிருக்கிறதா? அவர் உங்களுக்கு ஓர் உதவி செய்யத்தான் வந்திருந்தார். கையைக்கூட நீட்டினார்.

நீங்கள் எழுந்தீர்களா?