அறுபது நாளும் ஒரு ஜோடி அடைப்புக்குறியும்

அடைப்புக்குறிக்காரர் என்றோர் இனம் உண்டு. ஜெனீவா ஏரிக்கரையில், உலக வர்த்தக விதிகளைக் கணினிக் காலத்துக்கு ஏற்பத் திருத்தும் கூட்ட அறைகளில் அது செழித்து வளர்கிறது. ஒரு வாக்கியம் பிடிக்காவிட்டால் நீங்களும் நானும் "வேண்டாம்" என்போம். இவர் சொல்ல மாட்டார். அதன் இரு பக்கமும் சதுர அடைப்புக்குறி போடச் சொல்வார். குறி இருக்கும்வரை அந்த வாக்கியத்துக்கு உயிர் கிடையாது. சாகவும் சாகாது. கொலைப் பழி யார் மேலும் விழாது.

இனத்தின் சிறந்த மாதிரி ஆல்பெரிக் தெவோ. எந்த நாட்டுக்காரர் என்பது எதற்கு? எல்லா நாட்டிலும் இருக்கிறார். கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக வந்து, தம் நாட்டின் பெயர்ப்பலகையைத் துணியால் துடைத்து, இரண்டு பென்சில் சீவி, எதிரே இருப்பவரின் குடும்ப நலம் விசாரித்து, அவர் மனம் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்துப் பலகையைச் செங்குத்தாக நிறுத்துவார். பேச அனுமதி கேட்கும் முறை அது.

"கொள்கையளவில் எங்களுக்குச் சம்மதம்தாங்க. ஆனா தலைநகரத்தைக் கேக்கணும்."

தலைநகரத்தில் அப்போது எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மதியச் சாப்பாட்டில்கூட, உருக்கிய பாலாடைக்கட்டிக்குச் சம்மதம். ரொட்டியைப் பற்றிப் பிறகு சொல்வார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பசிபிக் தீவு நாடான சமோவாவின் பிரதிநிதி தவிட்டா. அவர் தங்கை லங்கி, மரப்பட்டைத் துணிக் கோலங்களைக் கணினியில் வரைந்து இணையத்தில் விற்பவள். பேச்சு எங்கே தொடங்கினாலும் தவிட்டா கைபேசியை எடுத்து, "இது தங்கச்சி போட்டது" என்று காட்டிவிடுவார். ஒரு பெரிய நாட்டு நிறுவனம் அவற்றை அப்படியே நகலெடுத்து விற்றது. சமோவா உலக வர்த்தக மன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தது. தோற்ற நாடு மேல்முறையீடு செய்தது. மேல்மன்றத்தில் நாற்காலிகள் இருந்தன. நியமனத்துக்கு எல்லா நாடும் ஒத்துவராததால் உட்கார நீதிபதிகள்தான் இல்லை. வழக்கு மூன்று வருடமாகக் காத்திருக்கிறது. நகல் விற்பனை காத்திருக்கவில்லை.

ஆகவே தவிட்டா ஒரே ஒரு வாக்கியம் கொண்டுவந்தார்: "மேல்முறையீடு அறுபது நாளில் முடியாவிட்டால் முதல் தீர்ப்பே நிற்கும்."

தெவோ படித்தார். தம் சொந்தத் தங்கைக்கே நடந்ததுபோல் வருந்தினார். 'அறுபது நாளில்' என்பதற்குக் குறி போட்டார். மறுநாள் 'முதல் தீர்ப்பு'. வெள்ளிக்கிழமை 'நிற்கும்'.

"நீங்க எதைத்தாங்க எதிர்க்கிறீங்க?" என்றார் தவிட்டா.

"எதிர்க்கிறதா? உங்க வாக்கியத்துக்கு வேலி போட்டுப் பத்திரமா வெச்சிருக்கேன்யா."

கடைசி நாள் மாலை ஆறு மணி கெடு. முடியாது என்று தெரிந்ததும் கூட்டத்தலைவி சுவர்க் கடிகாரத்தை ஐந்து ஐம்பத்தைந்தில் நிறுத்தச் சொன்னார். இங்கே கெடு தவறாமல் இருப்பதற்கு அதுதான் வழி.

கடிகாரம் நின்றதும் தெவோ எழுந்தார். "என் குறி எல்லாத்தையும் எடுத்துடறேன். சொல்லைக் கொஞ்சம் மாத்திக்கிட்டாப் போதும்."

அறை கைதட்டியது. புதிய தாள் வந்தது. "மேல்முறையீடு நியாயமான காலத்தில் முடிய அனைவரும் முயலலாம்." ஒரு குறிகூட இல்லை. அறுபதும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

"சமோவாவுக்குச் சம்மதம்தானே?" என்றார் தலைவி.

நூற்றுச் சொச்சம் முகங்கள் திரும்பின. எல்லோருக்கும் விமானம் பிடிக்க வேண்டும். சம்மதித்தால் லங்கியின் வழக்கு அதே காலி நாற்காலிகளின் முன் கிடக்கும். மறுத்தால், உலகமே ஒப்புக்கொண்டதைக் கெடுத்த தீவு என்ற பெயர் வரும்.

தவிட்டா தம் பலகையைச் செங்குத்தாக நிறுத்தினார்.

"கொள்கையளவில் சம்மதம்தாங்க. இந்த 'முயலலாம்' மட்டும் குறிக்குள்ள இருக்கட்டும். தலைநகரத்தைக் கேக்கணும்."

சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் இன்னும் விடியவில்லை.

தெவோ தம் துணியை மேஜைக்கு மேலாக நீட்டினார். "பலகைல தூசி இருக்கு, பாருங்க."

ஆப்பியாவில் லங்கி மட்டும் விழித்திருந்தாள். தவிட்டா வெளியே வந்ததும் அவள் அழைப்பு.

"அண்ணா, ஜெயிச்சோமா?"

"தோக்கலம்மா."

"அதைக் கேக்கல. ஜெயிச்சோமா?"

"வாக்கியம் பத்திரமா இருக்கு."

"எப்பலேர்ந்துண்ணா இப்படிப் பேசற?"

உங்களுக்கு ஜெனீவா தூரம்தான். ஆனால் நேற்று வீட்டில் ஒருவர் நேராகக் கேட்ட கேள்விக்கு "பார்க்கலாம்" என்றீர்களே, அதன் இரு பக்கமும் என்ன போட்டிருந்தீர்கள்?