தள்ளுபடி இல்லாத பைபிள்

"ஏங்க, ஏழு புத்தகத்தக் காணோமாம். எங்கப்பா வாசல்ல நின்னு குதிக்கிறாரு" என்றாள் மனைவி.

பைண்டர் பசைத் தூரிகையைக் கீழே வைத்தார். மச்சினியின் கல்யாணத்துக்காக ஒரு பைபிளுக்குத் தோல் அட்டை போட்டுக்கொண்டிருந்தார். மணமக்கள் அதன்மேல் கைவைத்து உறுதிமொழி சொல்ல வேண்டும். பெண் வீடு கத்தோலிக்கம், பிள்ளை வீடு சீர்திருத்தச் சபை. சம்பந்தத்தைப் பேசி முடித்த பாவம் பைண்டருடையது.

மாமனார் உள்ளே வந்துவிட்டார். "தோபித்து புத்தகம் எங்க மாப்ள? மக்கபே எங்க? சீராக் எங்க?"

"சம்பந்திதான் எடுக்கச் சொன்னாரு மாமா. அவங்க பைபிள்ல அதெல்லாம் கிடையாதாம். தள்ளுபடி ஆகமமாம்."

"தள்ளுபடியா? அவரு என்ன துணிக்கடையா வச்சிருக்காரு? அது இணைத்திருமுறை, வேதத்தோட சேந்ததுதான்! அது இல்லாத பைபிள்ல என் பொண்ணு கை வைக்க மாட்டா."

பைண்டர் தையலைப் பிரித்து ஏழு புத்தகங்களையும் சேர்த்தார். மத்தியானம் சம்பந்தி வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். புரட்டிப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"நல்ல புத்தகங்கதான் தம்பி, இல்லேங்கல. வீட்ல வச்சுப் படிக்கலாம். எபிரேய வேதத்துல இல்லாதத வேதத்துக்குள்ள எப்படி வைக்கிறது? இப்படின்னா கல்யாணத்தப் பத்தியே யோசிக்கணும்."

'யோசிக்கணும்' என்ற சொல் காதில் விழுந்ததும் பைண்டர் கத்தரியை எடுத்தார். மறுபடி பிரித்தார். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் அந்த ஏழு புத்தகங்களையும் வைத்து, இருபுறமும் வெற்றுத்தாள் கொடுத்துத் தைத்தார். இரண்டு பெரியவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதுக்கு மட்டும் எதுக்கு வேலி?" என்றார் மாமனார்.

"வேலி போட்டாலும் வீட்டுக்குள்ளதானே இருக்கு?" என்றார் சம்பந்தி.

சமாதானம் பேசக் கல்யாண மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தார். ஆர்த்தடாக்ஸ் சபையில் பெண் எடுத்து, அங்கேயே சேர்ந்துவிட்டவர். "எங்க சபையில இந்த ஏழும் உண்டு. மூணாவது மக்கபேயும் உண்டு, நூத்தம்பத்தோராவது சங்கீதமும் உண்டு. அதையும் சேத்துட்டா ஒரு குறையும் இருக்காது."

"சேக்கக் கூடாது!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். சம்பந்தம் பேசிய நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. பைண்டர் மகிழ்வதற்குள் பழைய சண்டை தொடர்ந்தது.

கடைசியில் பைண்டருக்கு ஒரு வழி தோன்றியது. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, அந்த ஏழு புத்தகங்களை மட்டும் தனியாக ஒரு சின்னப் புத்தகமாக்கி, அதற்கும் அதே தோல் அட்டை போட்டார். பெரியதன்மேல் சின்னது. பெண் கை சின்னதில், பையன் கை பெரியதன் ஓரத்தில்.

மாமனார் சின்னதைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஏழும் இருந்தன. சம்பந்தி பெரியதை இரண்டு தடவை புரட்டினார். ஏழில் ஒன்றுகூட இல்லை. கையில் வைத்துத் தூக்கியும் பார்த்தார்.

"இப்பதான் தம்பி, வேதம் வேதத்தோட கனத்துல இருக்கு."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பெரியவர்கள் இருவரும் கட்டிக்கொண்டார்கள். சாட்சிக்கு அந்தப் பைபிளிலேயே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வீடு திரும்பிய பைண்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். பட்டறையைப் பெருக்கிக்கொண்டிருந்த மனைவி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, மேஜைக்கு அடியில ஒரு கட்டு கிடக்கு. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்னு நாலு நற்செய்தியும் இருக்கு. இது யாரு பைபிளுக்கு?"