தனி கிராபிக்ஸ் பெறத் தகுதியுடையோர்

வடிகால் அலுவலகத்துப் பழைய கணினிகளுக்கு ஒருவழியாக ஓய்வு கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் லேப்டாப் வாங்குவதென்று முடிவானது. யாருக்கு எந்த மாதிரி வேண்டும் என்று படிவம் வந்தது. பிளான் அக்கா மளமளவென்று நிரப்பிக் கொடுத்தார். ஊர்ச் சாக்கடைகளையெல்லாம் முப்பரிமாணப் படமாக வரைகிற ஒரே ஆள் அவர்தான். ஒரு தெருவைத் திரையில் திருப்பிப் பார்ப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், அவ்வளவு வேகம் அவருடைய பழைய கணினி. அடைப்பு எங்கே என்று மழைக்கு முன்னால் படம் சொல்லாவிட்டால், முதலில் மூழ்கப்போவது அக்காவின் தெருதான்.

கொள்முதல் கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார்.

“என்னம்மா, தனி கிராபிக்ஸ் கார்டு கேட்டிருக்கீங்க?”

“ஆமா சார். மத்த லேப்டாப்புல படம் காட்டற அந்தப் பாகம் பிராசசரோட சேர்ந்தே வரும், மெமரியையும் பங்கு போட்டுக்கும். லெட்டர் அடிக்க அது போதும். என் படம் நகராது.”

“அப்ப இதுக்குத் தனியா மெமரி இருக்கும். யாரோடயும் பங்கு போட்டுக்காது?”

“போட்டுக்காது சார்.”

அவர் முகத்தில் கவலை படர்ந்தது. “நீங்க எந்த பாத்ரூமுக்குப் போறீங்க?”

“பொது பாத்ரூமுக்குத்தான்.”

“பாத்தீங்களா. தனி ரூம், தனி வண்டி, தனி பாத்ரூம் இருக்கறவங்களுக்குத்தான் தனியா எதையும் தரலாம். விதி அப்படி.”

“வரையறது நான் சார். அதெல்லாம் இருக்கற இயக்குநர் கம்ப்யூட்டர்ல சீட்டுதானே விளையாடறாரு?”

“படிவத்துல அந்தக் கேள்வியே இல்லம்மா.”

இயக்குநருக்குத் தனி கார்டு போய்ச் சேர்ந்தது. திரையில் சீட்டுக்கட்டு ராணியின் மூக்குத்தி வரைக்கும் தெரிகிறது என்று அவர் எழுத்துமூலம் திருப்தி தெரிவித்தார். அக்கா விடவில்லை. மனுமேல் மனுவாகப் போட்டார். மூவர் குழு அமைக்கப்பட்டு, பொதுக் கழிப்பறையை நேரில் பார்வையிட்டு, அது பொதுதான் என்று ஒருமனதாக உறுதிசெய்தது. மனுதாரரின் கோரிக்கை நியாயமானது என்றும், அதை நிறைவேற்ற ஒரே வழி அவரை அதிகாரியாக்குவதுதான் என்றும் குழு பரிந்துரைத்தது.

அப்படியே ஆக்கினார்கள். தனி அறை வந்தது, வண்டி வந்தது, கழிப்பறைச் சாவி வந்தது, கடைசியாக லேப்டாப்பும் வந்தது. அக்கா ஆசையாகப் படத்தைத் திறந்தார். தெரு சட்டென்று திரும்பியது. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

கண்காணிப்பாளர் பணிவாக இருமினார். “மேடம், அதிகாரிங்க வரையக் கூடாது. கையெழுத்து மட்டும்தான்.”

மழைக்காலம் வந்தது. அறையில் உட்கார்ந்து அக்கா சீட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது கணவர் போன் செய்தார்.

“வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. நீதான் இப்ப அதிகாரியாச்சே, யார்கிட்டயாவது சொல்லேன்.”

போனை வைத்தபோது வாசலில் புதிதாகச் சேர்ந்த வரைவாளர் படிவத்தோடு நின்றாள்.

“மேடம், படம் நகரவே மாட்டேங்குது. எனக்கும் ஒரு தனி கார்டு…”

அக்காவுக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். மேசையில் கிடந்த கழிப்பறைச் சாவி கண்ணில் பட்டது.

“அது சரி,” என்றார், “நீ எந்த பாத்ரூமுக்கும்மா போற?”